நான்காவது பைட்டுக்குக் காத்திருந்த சிப்

1

இந்தக் கதை என் சமையலறை மேசையில், ஒரு பவர்பேங்க்கின் தயவில் பிறந்தது. கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சில எழுத்தாளர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பாவனையெல்லாம் வராது. ஆயர் குரோவில் ஒரு வாகனக் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யார் மோதினார்கள், யார் மேல் தப்பு, யார் புளுகுகிறார்கள் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். அதிலும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறேன் என்று என் கதைகளைப் படித்த சிலர் குறைப்படுவதுண்டு.

என் வீட்டில் ஓர் அறையை எடுத்துத் தங்கியிருப்பவள் தேவிஸ்ரீ. பத்து பெரெண்டாமில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. இறால் குளங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறார்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது அவள் பொறுப்பு. நாங்கள் இருவரும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம். அதைத் தாண்டி சொந்தமோ பந்தமோ கிடையாது. என்னை அக்கா என்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பெட்டியொன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, மூடியைக் கழற்றி, என் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் பரப்பி வைத்திருந்தாள். மலாக்காவில் மத்தியான வானத்தை நம்ப முடியாது. திடீரென்று ஓர் இடி. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தேவி, இடி இடிக்குது! பிளக்கப் புடுங்கு!"

"பிளக்கே இல்லக்கா. உங்க ரைஸ் குக்கர்தான் எடத்தப் புடிச்சிருக்கே. பவர்பேங்க்ல ஓட்டுறேன்."

நான் ரைஸ் குக்கரைப் பிடுங்கினேன். அவளுக்குப் பிடுங்க எதுவும் இல்லை. பெட்டியை மறுபடி தொடங்க வேண்டும் போலிருக்கிறது. உள்ளே மின்சுற்றுப் பலகையில் இருந்த ஒரு குட்டிப் பொத்தானை நகத்தால் அழுத்தினாள். பெட்டி எழவில்லை. மறுபடி அழுத்தினாள். ம்ஹூம். கம்பியைக் கழற்றி மாட்டினாள், உடனே எழுந்தது. பொத்தானை அழுத்தினாள், செத்தது. கழற்றி மாட்டினாள், பிழைத்தது. சோறு பாதி வெந்து நிற்கிறதே என்ற கவலையில் நான் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னடி?"

"அக்கா, அந்தம்மா பிளக்கப் புடுங்கல."

"எந்தம்மா?"

2

மேலே இருப்பது நான்காவது தொடக்கம். முதல் மூன்றையும் நீங்கள் பார்க்கலாம், எனக்கு வெட்கம் இல்லை.

முதலாவது: "உம்பாய் கடற்கரையில் அன்று காற்று வழக்கத்துக்கு மாறாக" — வேண்டாம். உம்பாயில் காற்று எப்போதும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது, சுட்ட மீன் வாசனையோடு.

இரண்டாவது: "அன்று காலை எழுந்தபோதே வேலாயிக்கு மனசு சரியில்லை." பொய். இறால் சாகப் போகிற நாளில் யாருக்கும் முன்கூட்டியே மனசு கெடுவதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, பசியாறிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருப்பார்.

மூன்றாவது: "நினைவு என்பது என்ன?" இதை எழுதிய கையை நானே ஓர் அடி அடித்தேன்.

சரி, விபத்து அறிக்கை எழுதுவது போல எழுதிவிடுகிறேன். அதுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

உம்பாயில் புவனேந்திரன் என்பவருக்கு ஓர் இறால் குளம். அங்கே தீனி போடுவதும் வலை கழுவுவதும் குளத்தைப் பார்த்துக்கொள்வதும் ஓர் அம்மாளின் வேலை. ஐம்பது வயதுக்கு மேல். பெம்பானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். அவருக்கு வேலாயி என்று பெயர் வைத்திருக்கிறேன். அது அவர் பெயர் இல்லை. மாற்றச் சொன்னவள் தேவிஸ்ரீ. அச்சுக்குப் போகும் முன் தன் பெயரையும் மாற்றிவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஊரையும் மாற்றச் சொன்னாள். மஸ்ஜித் தானா என்று போட்டுப் பார்த்தேன், என் கதையின் இறால் அங்கே நீந்த மறுத்துவிட்டது. உம்பாயாகவே இருக்கட்டும்.*

குளத்து நீரைக் கலக்கிக் காற்றேற்றத் துடுப்புச் சக்கரங்கள் உண்டு. மலாய்ச் சொல்லால் கிஞ்சிர் என்பார்கள். அவற்றை ஓட்டுவது தேவிஸ்ரீயின் பெட்டி. வெயில் நேரத்தில் கிஞ்சிர் ஓய்ந்து நிற்கும், பொழுது சாயும்போது பெட்டி எல்லாவற்றையும் சுற்ற விடும். இரவில் அவை சுற்றவில்லை என்றால் இறாலுக்கு மூச்சு முட்டும்.

அந்தச் சனிக்கிழமைக்கு வெகு நாள் முன்பு, ஒரு நாள் சாயங்காலம் பலத்த இடி. மழை விட்டதும் வேலாயி வழக்கம்போல வீட்டுக்குப் புறப்பட்டார். அந்த நேரத்தில் கிஞ்சிர் நின்றிருப்பது சாதாரணம். ஆனால் பொழுது சாய்ந்தும் அவை சுற்றவில்லை. மறுநாள் காலையில் குளம் முழுக்க இறால் மல்லாந்து மிதந்தது. புவனேந்திரன் நிறுவனத்தைக் கூப்பிட்டார். போனை எடுத்தவள் தேவிஸ்ரீ.

"பெட்டி வேல செய்யலம்மா."

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க சார்."

பண்ணினார். பெட்டி எழுந்தது. கிஞ்சிர் எல்லாம் செத்த இறால்களைச் சுற்றிச் சுற்றித் தள்ளின. பெட்டியில் பழுது இல்லை என்றாகிவிட்டது. அப்போது தேவிஸ்ரீ, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"யாராச்சும் பிளக்கப் புடுங்கியிருப்பாங்களா சார்?"

புவனேந்திரன் திரும்பி வேலாயியைப் பார்த்தார்.

[அக்கா, அவர் திரும்பிப் பாத்தது எனக்கு எப்படித் தெரியும்? நான் போன்லதானே இருந்தேன்.]

மேலே பகர அடைப்புக்குள் இருப்பது தேவிஸ்ரீ. நான் எழுதுவதைப் போனில் வாங்கிப் படித்து நடுவே குறிப்பு எழுதுகிறாள். அழிக்க மனமில்லை, அப்படியே விடுகிறேன். தேவி, எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் திரும்பிப் பார்த்திருப்பேன்.

* புவனேந்திரன், பின்னால் வரப்போகும் கணேஸ்வரன், இரண்டும் நான் வைத்த பெயர்கள். அவர்கள் பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காப்புறுதிக்காரியின் முன்ஜாக்கிரதை.

3

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் போவார்கள்.

இங்கே இடி இடித்தால் கை தானாகப் பிளக்குக்குப் போகும். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லய வீடுகளில் ஆரம்பித்த பழக்கம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கே சுவரை விட்டு வெளியே வந்தாக வேண்டும். டிவி, பிரிட்ஜ், வைஃபை, எதையும் விடமாட்டோம். நகர்ப்புறத் தாமான் வீட்டுக்குக் குடிவந்து கார் வாங்கி பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. கை மட்டும் இன்னும் லயத்திலேயே இருக்கிறது.

தேவிஸ்ரீயின் முதலாளி கணேஸ்வரனும் தோட்டத்துப் பிள்ளைதான். ஒருமுறை மின்னல் அடித்து அவருடைய மேசையில் இருந்த பலகைகள் எல்லாம் கருகிவிட்டன. அன்றிலிருந்து அலுவலகத்தில் ஒரு சட்டம். இடி இடித்தாலும் இடிக்காவிட்டாலும், சாப்பிடப் போனாலும் வீட்டுக்குப் போனாலும், எல்லா பிளக்கும் வெளியே. அதனால் அங்கே பெட்டியை 'மறுபடி தொடங்கிச் சோதிப்பது' என்றாலே பிளக்கைப் பிடுங்கி மாட்டுவது என்றாகிவிட்டது. உள்ளே கிடக்கும் குட்டிப் பொத்தானை எவரும் தொட்டதில்லை. தொடுவானேன்? பிளக்தான் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதே.

வேலாயியும் அதே ஜாதிக் கைக்காரர். குளம் செத்ததற்குச் சில வாரங்களுக்கு முன் இடி இடித்தபோது குளத்துக் கொட்டகையில் ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்துவிட்டார். உள்ளே இருந்ததெல்லாம் நாறிப்போனது. ஆகவே அந்தக் காலையில் புவனேந்திரன் திரும்பிப் பார்த்தபோது வேலாயி முதலில் பார்த்தது தன் கையை.

"இடி இடிச்சா புடுங்கறவதான் மொதலாளி நான்" என்றாராம்.

அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். போனில் தேவிஸ்ரீயின் காதிலேயே விழுந்தது: "போறப்ப பச்ச லைட்டு எரிஞ்சுச்சே." யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பச்சை எரிந்தால் பெட்டி எப்படிச் செத்திருக்கும்? அந்த வாரமே வேலை போய்விட்டது. அதைவிட மோசம், வேலாயியும் நம்பிவிட்டார். அந்தக் குளத்தைக் கொன்றது தான்தான் என்று.

4

இந்தப் பகுதியைத்தான் என் பதிப்பாசிரியர் வெட்டச் சொல்வார். "மனித உணர்வு எங்கம்மா?" என்பார். ஒரு பெண்ணின் மானம் இதற்குள்தான் கிடக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பெட்டிக்குள் எல்லாவற்றையும் சேமித்து வைக்க ஒரு ப்ளாஷ் சிப் இருக்கிறது. அதில் எந்த இடத்தில் இருப்பதை வேண்டும் என்று கேட்க முகவரி சொல்ல வேண்டும். சின்னச் சிப்புக்கு மூன்று பைட் முகவரி போதும். பழைய சிப் சந்தையில் கிடைக்காமல் போனதால் பெரிய சிப்புக்கு மாறினார்கள். பெரியதற்கு மூன்று போதாது, நான்கு வேண்டும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சின்னத் தோட்டமாக இருந்தபோது ரோடு, லயம், கதவு என்று மூன்று சொன்னால் கடிதம் வந்துவிடும். பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துப் பெரிதாக்கியபின் எந்த டிவிஷன் என்றும் சொல்ல வேண்டும். நான்காவது.

நான்காவதைச் சொல்ல இரண்டு வழி. ஒவ்வொரு கடிதத்தின்மேலும் 'இதில் நான்கு இருக்கிறது' என்று எழுதி அனுப்பலாம். இல்லையென்றால் தபால் பிரிக்கும் அலுவலகக் கிராணியிடம் ஒரே ஒரு முறை 'இன்றிலிருந்து எல்லாம் நான்குதான்' என்று சொல்லிவைக்கலாம், அவர் மனதில் வைத்துக்கொள்வார். தேவிஸ்ரீயின் டிரைவர் (லாரி ஓட்டுபவர் அல்ல, சிப்போடு பேசுகிற மென்பொருள்) இரண்டாம் வழியில் போனது. கிளம்பியவுடன் சிப்பிடம் 'நான்கு' என்று ஒரு தடவை சொல்லிவிடும். முறையாக நிறுத்தினால், போகும்போது 'இனி மூன்று' என்று சொல்லிவிட்டுப் போகும்.

திடீரென்று விழுந்தால்?

அன்று மின்னல் அடித்தபோது பெட்டியின் மூளை தடுமாறிவிட்டது. தடுமாறினால் தானாகவே மறுபடி தொடங்கும்படி அதற்கு ஏற்பாடு உண்டு. அந்தக் குட்டிப் பொத்தானை அழுத்தினாற்போல மூளை மட்டும் புதிதாகக் கண் விழித்தது. விழித்தவுடன் அது பேசும் முதல் வார்த்தைகள் தொழிற்சாலையிலேயே பதித்தவை, மாற்ற முடியாது. அது மூன்றுதான் சொல்லும். சிப்புக்கு மின்சாரம் நிற்கவே இல்லை, அது எதையும் மறக்கவில்லை. இன்னும் நான்கிலேயே நிற்கிறது. மூளை மூன்றைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காதைத் தீட்டியது. சிப் வாயைத் திறக்காமல் —

[தப்புக்கா. சிப் பேசாம உக்காந்திருக்காது. அடுத்து வர்றதையே நாலாவது பைட்டுனு எடுத்துக்கும். அப்புறம் பதில் சொல்லும். சொல்றது எல்லாம் சரிதான். ஒரு எடம் தள்ளிச் சொல்லும், அவ்ளோதான்.]

சரி. சிப் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னது, ஓர் இடம் தள்ளி. மூளை தான் தேடிய அடையாளம் தேடிய இடத்தில் இல்லாததால் இங்கே நிரலே இல்லை என்று முடிவுகட்டி அப்படியே நின்றுவிட்டது. பொழுது சாய்ந்தது, கிஞ்சிரைச் சுற்றச் சொல்ல ஆள் இல்லை. எச்சரிக்கை அனுப்புவதும் அதே பெட்டியின் வேலைதான், அதனால் எச்சரிக்கையும் இல்லை.

"அப்ப அந்தப் பச்சை லைட்டு?" என்று கேட்டேன்.

"அது கரண்டு வருதுன்னு மட்டும் காட்டும்க்கா. உள்ள உசுரு இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

ஆக, பச்சை எரிந்தது, பெட்டி செத்திருந்தது, இரண்டும் உண்மை. காலையில் போனில் சொன்னபடி சுவிட்சை அணைத்துப் போட்டதும் சிப் நான்கை மறந்துவிட்டது, மூளையும் சிப்பும் மூன்றில் வந்து சேர்ந்துகொண்டன. நடந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போயிற்று. நானே பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக யாரும் தடயத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை. துடைத்தவளோ, நல்ல எண்ணத்தில், போனில், மரியாதையாக, சார் போட்டுப் பேசினாள்.

5

இனி கணேஸ்வரன். இவரைக் கெட்டவராக்க மிகவும் முயன்றேன். ஒரு பிரதியில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டேன். மறு பிரதியில் சிகரெட்டைப் பற்றவைத்தேன், மனுஷர் இருமினார். பிரயோசனம் இல்லை. விளம்பரம் தருகிறவர்கள் எல்லாம் சீனத்துப் பெட்டியை வாங்குங்கள் என்று சொல்லும் காலத்தில் உள்ளூரில் ஒன்றைச் செய்து விற்கிறார். தீபாவளிக்கு எல்லார் வீட்டுக்கும் முறுக்கு அனுப்புகிறார்.

தேவிஸ்ரீ திங்கட்கிழமை காலையிலேயே அவரிடம் போய்ப் பொத்தானை அழுத்திக் காட்டினாள். அவரும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"சரி பண்ண முடியுமா?"

"பண்ணிட்டேன் பாஸ். இனிமே சிப்ப நாலுல விட்டுவைக்கவே மாட்டோம். ஒவ்வொரு தடவையும் 'இது நாலு'ன்னு சொல்லியே கேக்கற கமாண்டு இருக்கு. டிரைவர்ல அத மாத்திட்டேன்."

"நல்லது. எல்லாப் பெட்டிக்கும் அப்டேட் அனுப்பிரு."

"பாஸ், உம்பாய்க்கு?"

"அனுப்புன்னுதானே சொன்னேன்."

"அதில்ல பாஸ். அந்தம்மாவுக்கு யார் சொல்றது?"

கணேஸ்வரன் கதவைச் சாத்தினார். "தேவி, இத வெளிய சொன்னா புவனேந்திரன் நம்ம மேல கேஸ் போடுவாரு. அடுத்த நாளு மத்த குளத்துக்காரனும் வருவான். நம்ம கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். உன்னையும் சேத்து எல்லாரும் நடுத்தெருவுல. அந்தம்மாவுக்கு இப்ப வேற வேல கெடச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன்லா."

"அவங்கதான் கொன்னாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க பாஸ்."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் கதையை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். என் அலுவலகத்தில் இதைத் தினமும் கேட்கிறேன். ஒத்துக்கொண்டவர்மேல் போட்டுவிட்டால் கோப்பை மூடலாம்.

(முதல் பிரதியில் வேலாயிக்கு உஷாராணி என்று ஒரு மகள் இருந்தாள். வழக்கறிஞர். இந்த இடத்தில் கணேஸ்வரனின் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து சட்டம் பேசினாள். எனக்கு ஏக சந்தோஷம். மறுநாள் படித்தபோது, உம்பாய் குளத்தில் தீனி போடுகிறவருக்கு வழக்கறிஞர் மகள் எதற்கு, எனக்காகத்தானே என்று தோன்றியது. நீக்கிவிட்டேன். ஒரு வாக்கியம் மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது: "உஷாராணி கதவைத் திறந்துகொண்டு". கதவு திறந்தே கிடக்கட்டும்.)

6

எழுதும்போது வேலாயியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி ஒருவர் செய்யாததை ஒத்துக்கொள்வாரா? நானாகக் கற்பனை செய்தால் அவரைத் தியாகியாக்கிவிடுவேன், அல்லது மடச்சியாக்கிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு உம்பாய்க்குப் போனேன். தேவிஸ்ரீயிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "நீங்க சொல்லிடாதீங்கக்கா, நான்தான் சொல்லணும்" என்றாள். தலையாட்டிவிட்டேன்.

வேலாயி இப்போது சுட்ட மீன் விற்கும் ஓர் இக்கான் பாக்கார் கடையின் பின்கட்டில் மீனும் இறாலும் கழுவுகிறார். சாயங்காலக் கூட்டம் இன்னும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு முன் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கதை எழுதுகிறவள், குளத்து விஷயம் கேள்விப்பட்டு வந்தேன் என்றேன். சிரித்துவிட்டார்.

"கதையா? எறாவக் கொன்னவ கதையா? அத யாரும்மா படிப்பா?"

"நீங்கதான் கொன்னீங்கன்னு யார்க்கா சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம்மா. இடி இடிச்சா என் கை தன்னால போவும். அன்னிக்கும் போயிருக்கும்."

"போனது ஞாபகம் இருக்கா?"

"அதுதான் இல்ல." இறாலின் தலையைக் கிள்ளித் தொட்டிக்கு வெளியே போட்டார். "ஞாபகம் இல்லாமத்தானே கை போவுது."

"போறப்ப பச்ச லைட்டப் பாத்தேன்னு சொன்னீங்களாமே."

கை நின்றது. "சொன்னேன். அது மொத நாளு பாத்ததா இருக்கும்லா. தெனைக்கும் பாக்குறதுதானே. எது எந்த நாளு பாத்ததுன்னு எப்படிம்மா சொல்றது?" இன்னொரு இறாலை எடுத்துக்கொண்டு, "மொதலாளி ஒரு வார்த்த திட்டலம்மா. செத்ததெல்லாம் அவரே எறங்கி அள்ளுனாரு. திட்டியிருந்தா தேவல. அதுதான் இன்னும் நெஞ்ச அடைக்குது" என்றார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "இதப் பாருங்க." ஒவ்வொரு படமாகத் தள்ளினார். சுவிட்ச். சுவிட்ச். பிளக். கடையின் ஐஸ் பெட்டிக்குப் போகும் கம்பி. வீட்டு அயர்ன் பாக்ஸ். யாரோ ஒருவரின் கல்யாண வீட்டு மின்விசிறி சுவிட்ச். எங்கிருந்து கிளம்பினாலும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். ராத்திரி படுக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தூக்கமாம்.

"என் கைய நானே நம்புறது இல்ல. போன்ல எடமே இல்லங்குது. பேத்தி பொறந்தநாள் படத்த எல்லாம் தூக்கிட்டேன்."

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லப்போனால் நான் எழுதியவற்றிலேயே நல்ல வாக்கியம் அதுதான், நான்கைந்து சொற்கள். ஆனால் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேனே. தப்பு நடந்த இடத்திலிருந்து மன்னிப்பு வர வேண்டும், வாடகைக்கு விட்ட அக்காவிடமிருந்து அல்ல என்றும் தோன்றியது. ஒரு கிலோ இறால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஃப்ரீஸரில் இருக்கிறது. சமைக்கப் பிடிக்கவில்லை.

[ஃப்ரீஸர்ல இருக்கறது அந்த எறாவா? நான் யாரோட பொறந்தநாளுக்கோ வாங்கி வெச்சதுன்னு நெனச்சேன்.]

7

முடிவுகள்.

அ) தேவிஸ்ரீ உம்பாய்க்குப் போகிறாள். சொல்கிறாள். வேலாயி அழுகிறார். புவனேந்திரன் அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார். பொழுது சாய்கிறது, கிஞ்சிர் எல்லாம் சுற்றுகின்றன. பதிப்பாசிரியர் இதை உடனே அச்சிடுவார். எனக்கே படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆ) தேவிஸ்ரீ போகிறாள். மூன்று, நான்கு என்று விளக்குகிறாள். வேலாயி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னச் சமாதானப்படுத்த இவ்ளோ தூரம் வந்தியா ஆயி? சாப்ட்டுட்டுப் போ" என்கிறார். நம்பவில்லை. அந்தப் பழி அவரோடு அவ்வளவு நாள் இருந்துவிட்டது. இந்த முடிவுதான் எனக்குப் பயம். இதை எழுதிய அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இ) யாரும் போகவில்லை. பெட்டிகளுக்கு அப்டேட் போய்ச் சேர்கிறது, 'பொதுவான மேம்பாடுகள்' என்ற பெயரில். இடி இடிக்கிறது. எந்தக் குளமும் சாகவில்லை. வேலாயி போனில் இன்னொரு சுவிட்ச். நடக்க வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான், அதனாலேயே இதை எழுத எனக்கு ஆத்திரம் வருகிறது.

8

மேலே உள்ள ஏழு பகுதிகளையும் தேவிஸ்ரீக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் காலையில் போன் ஒலித்தது. ஏழாம் பகுதிக்குக் கீழே ஒரே ஒரு குறிப்பு:

[அக்கா, உம்பாய்னு போட்டிருக்கீங்க, எறாக் குளம்னு போட்டிருக்கீங்க, இடி இடிச்ச நாளுன்னு போட்டிருக்கீங்க. மூனு சொல்லியாச்சு. நாலாவதா வேலாயின்னு போட்டா அது யாருக்குப் போய்ச் சேரும்? அவங்க பேரு ஜெயமணி. அதையே போடுங்க. என் பேரையும் மாத்தாதீங்க.]

சமையலறைக்குப் போனேன். அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வேல போயிரும்டி."

"போவலாம்."

"அப்புறம் ஏன்?"

"நாலு வாரமா ஞாயித்துக்கெழம போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொரு ஞாயிறும் துணி தொவைக்கறேன்." முட்டையைத் திருப்பினாள். மஞ்சள் உடைந்துவிட்டது. "கத எனக்கு முன்னாடி போயிருச்சுன்னா நான் போய்த்தானே ஆவணும்? அனுப்பிருங்கக்கா."

அனுப்பிவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அச்சாகிவிட்டது என்று அர்த்தம். தேவிஸ்ரீ போனாளா என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கணேஸ்வரன் கடையை மூடினாரா என்றும் சொல்லமாட்டேன். வேலாயி என்ற பெயரை மேலே அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன், அவர் யாருமில்லை, நான் செய்து வைத்தவர்.

ஜெயமணிக்குக் கதை படிக்கும் வழக்கம் இல்லை. அதனால் முடிவு உங்களிடம் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உம்பாய்ப் பக்கம் சாப்பிடப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். பின்கட்டில் இறால் கழுவிக்கொண்டிருப்பவரிடம் பெயர் கேளுங்கள். ஜெயமணி என்றால், சிப், பைட் எதையும் சொல்ல வேண்டாம். கீழே உள்ளதை மட்டும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நம்பவில்லை என்றால் இன்னொரு முறை வாசியுங்கள்.

ஜெயமணியக்கா, அன்னிக்கு நீங்க கெளம்பறப்ப பச்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க பாத்தது அன்னிக்குப் பாத்ததுதான். உங்க கை எதையும் புடுங்கல. கெட்டுப்போனது பெட்டி. போன்ல இருக்கற சுவிட்ச் படத்த எல்லாம் அழிச்சிருங்க.